ஏறி வந்தவருக்கே பட்டம்

என் கால்கள் நடக்காது. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எங்கள் தெருமுனை நாய்க்குக்கூடத் தெரியும். எல்லாரையும் துரத்தும் அந்த நாய் என்னை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். நான் மூன்று வருடம் படித்த தத்துவக் கல்லூரிக்குத்தான் கடைசிவரை அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அது ஒரு சமயச் சபை நடத்தும் கல்லூரி. கட்டடத்தின் நடுவில் பளிங்குப் படிக்கட்டு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நிறுவனர் மாடியில் நின்றுகொண்டு, "அறிவு மேலே இருக்கிறது, ஏறி வா" என்று சொன்னாராம். குளிக்க வெந்நீர் கேட்டு யாரையோ கூப்பிட்டிருப்பார் என்பது என் கணிப்பு. சபை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு நற்குணத்தின் பெயரைப் பித்தளை எழுத்தில் பதித்தது. அடியில் பணிவு. அதற்கு மேல் அடக்கம், பொறுமை, வாய்மை என்று போய், உச்சியில் கருணை. கருணை மட்டும் மற்ற படிகளைவிட ஒரு சாண் உயரம். கொத்தனார் கட்டிய தப்புக்கும் ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள்.

பாடங்கள் எல்லாம் கீழே. கடைசித் தேர்வு மட்டும் மாடிக்கூடத்தில். மாணவர்கள் வெறுங்காலோடு ஒவ்வொரு படியின் பெயரையும் உரக்கச் சொல்லி ஏற வேண்டும். மேலே சபைத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் பட்டத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார். 'ஏறி வந்தவருக்கே பட்டம்' என்று படிக்கட்டின் முகப்பிலேயே செதுக்கியிருந்தார்கள். வெளியாட்கள் அதில் கால் வைக்கக் கூடாது. பெருக்குகிற அம்மாகூட நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிப் பக்கவாட்டிலிருந்து எட்டி எட்டித்தான் பெருக்குவாள்.

தலைவருக்கு எண்பது வயது. அவர் படியேறி யாரும் பார்த்ததில்லை. தேர்வு நாளன்று காலையில் பார்த்தால் மேலே உட்கார்ந்திருப்பார். விடிவதற்கு முன்பே தனியாக ஏறிவிடுகிறார், இந்த வயதிலும் எவ்வளவு வைராக்கியம் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பேராசிரியர்கள் எங்களை அழ வைப்பார்கள். நானும் அழுதிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

என் வகுப்பு சமையலறைக்குப் பக்கத்தில். என் சக்கர நாற்காலி நுழைகிற இடம் கடைசி மூலை ஒன்றுதான். அங்கே ஒரு இரும்புக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். ஸ்டோர் ரூம் என்றார்கள். அவ்வப்போது உள்ளேயிருந்து கர்ரென்று சத்தம் வரும். எலி என்றார்கள். சாப்பாடு நிறைய கிடைக்கிற எலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. தலைமை ஆசிரியை கறாரானவர். "பட்டத்தோட வா, அடுத்த வாரமே சேந்துக்கோ. பட்டம் இல்லன்னா வேற ஆளு பாத்துருவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். அம்மா சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தினமும் என்னையும் தூக்கி பஸ்ஸில் ஏற்றி, நாற்காலியை மடக்கி ஏற்றி, கண்டக்டரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவான். அந்த வேலை கிடைத்தால் மூன்று பேருக்கும் மூச்சு விட முடியும். என் ஆசை அவ்வளவுதான்.

முதல்வரிடம் போனேன். நல்ல மனிதர். எதையும் முடியாது என்று சொல்ல மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

"சார், என்கிட்ட கேக்கப்போறது ஒரு கேள்வி. அதைக் கீழ வந்து கேட்டுட்டாப் போதும் சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னைப் பாத்தாத்தாம்மா எங்களுக்கெல்லாம் கருணைன்னா என்னன்னு ஞாபகம் வருது. மூணு வருஷமா அந்தப் பாடத்துக்கு உன்னைத்தானே உதாரணமாக் காட்டறோம்? இப்பக் கேள்வி கீழ வந்துட்டா, கருணையே கீழ எறங்கின மாதிரி ஆயிரும். அப்புறம் யாரு மேல ஏறுவா? நீ இருக்கற எடத்துல இருக்கறதுதாம்மா கல்லூரிக்கே பெருமை."

"எனக்குக் கிடைக்கிற வேலை போயிரும் சார்."

"நீ ஒரு உதாரணம்மா. உதாரணத்துக்கு எதுக்கு வேலை?" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒரு குழு அமைத்தார்.

குழுவில் மூன்று பேராசிரியர்கள். மாணவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர்கள் முன்வினை, மாயை, சோதனை. எதைக் கேட்டாலும் போன பிறவியில் செய்த பாவம் என்பவர் முன்வினை. உலகமே பொய் என்பவர் மாயை. எல்லாம் ஆண்டவன் வைக்கிற சோதனை என்பவர் சோதனை. மூவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. முதல்வர் அறையில் என் நாற்காலியை நடுவில் நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முன்வினை ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணு போன பிறவியில யாரையோ படியில இருந்து தள்ளி விட்டிருக்கா. அதான் இப்ப ஏற முடியல. இதுல நாம போய்த் தூக்கி விட்டா, அடுத்த பிறவியில நம்ம காலு போயிரும்." சொல்லும்போதே தன் கால்களை நாற்காலிக்கு அடியில் பத்திரமாக இழுத்துக்கொண்டார்.

"யாரை சார் தள்ளினேன்?"

"யாராவது பேராசிரியரா இருக்கும்."

மாயை சிரித்தார். "கால் பொய், படியும் பொய். இல்லாத காலால இல்லாத படியில ஏற முடியலன்னு அழறது அறியாமை."

"அப்ப இல்லாத பட்டத்தைக் கீழயே குடுத்துருங்க சார்."

"பட்டம் பொய் இல்ல. அதுல முத்திரை இருக்கு."

சோதனை கையைக் கூப்பினார். "ஆண்டவன் நம்ம மனசைச் சோதிக்கத்தான் இவளை அனுப்பியிருக்கான். நாம கலங்காம உக்காந்திருக்கணும். இவளை ஏத்திவிட்டுட்டா இந்தச் சோதனை முடிஞ்சுரும். அடுத்தது எதை அனுப்புவானோ, யாருக்குத் தெரியும்? இவ பரவாயில்ல, பழகிட்டா."

மாயைக்கு இந்த வாதங்கள் பிடிக்கவில்லை. கால் என்று ஒன்று இல்லை என்பதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று எழுந்தார். மேஜையிலிருந்த குண்டூசியை எடுத்தார். என் முழங்காலுக்குக் கீழே, பாதி ஊசி உள்ளே போகும்படி குத்தினார். எனக்கு நடக்கத்தான் வராது, வலியெல்லாம் மற்றவர்களுக்கு வருகிற மாதிரியே வரும். ஐயோ என்று அலறி, கைக்குக் கிடைத்த மைக்கூட்டை எடுத்து அவர் நெற்றியில் அடித்தேன். ரத்தமும் மையும் கலந்து மூக்கு வழியாக வழிந்தது. என் காலிலும் ரத்தம்தான். சோதனை கலங்காமல் உட்கார்ந்திருந்தார். அடித்தது யார் வினை, குத்தியது யார் வினை என்று முன்வினை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல்வர் கதவைச் சாத்தினார்.

மறுநாள் அண்ணன் வந்தான். "சார், ரெண்டே நிமிஷம். நான் தூக்கிட்டுப் போய் மேல விட்டுட்டு வந்துர்றேன். ஒரு வெங்காய மூட்டை வெயிட்டுகூட வர மாட்டா." எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உண்மையைத்தானே சொன்னான்.

"தகுதி இல்லாதவங்க அந்தப் படியில கால் வைக்கக் கூடாது தம்பி. அழுக்காயிரும்" என்றார் முதல்வர்.

"செருப்பைக் கழட்டிர்றேன் சார். காலையும் கழுவிட்டு வர்றேன்."

"அழுக்கு கால்ல இல்ல தம்பி" என்றார் முதல்வர், மிக அன்பாக. அண்ணன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான், காலரைத் தடவிப் பார்த்தான்.

மைக்கூட்டுச் சம்பவம் வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது என்பதால் கடைசியில் ஒரு முடிவு வந்தது. தேர்வு நாளன்று முதல்வரும் மூன்று பேராசிரியர்களும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். பெயர், கருணைப் பயணம். போட்டோகிராபர் உண்டு. மாலை போடுவார்கள், எனக்கில்லை, தூக்குகிறவர்களுக்கு. நான் சம்மதித்தேன். மூட்டையாகப் போனாலும் சரி, மேலே போனால் போதும் என்றிருந்தது.

அந்த நாள் வந்தது. கூட்டம் நெருக்கியடித்தது. நெஞ்சில் 'அன்பு' என்று பட்டை குத்திய தொண்டர்கள் கையில் தடியோடு கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள். முதல்வர் பேசினார். "இன்னைக்கு நாம தூக்கப்போறது ஒரு பொண்ணை இல்ல, நம்மளையே தூக்கிக்கப்போறோம்!" கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

நாற்காலியின் முதுகு படிப்பக்கம் இருக்கும்படி திருப்பி, பின்பக்கம் முதல்வரும் மாயையும், முன்பக்கம் முன்வினையும் சோதனையும் பிடித்தார்கள். பணிவில் ஒரு போட்டோ. அடக்கத்தில் ஒரு போட்டோ. பொறுமையில் சோதனைக்கு மூச்சு வாங்கியது. வாய்மையில் முன்வினை, "உங்க மூலை ஏறவே மாட்டேங்குதே. சும்மா தொட்டுட்டு வர்றீங்களா?" என்று மாயையைப் பார்த்துக் கேட்டார்.

"பாரமே பொய். அதை ஏன் பிடிக்கணும்?"

"பொய்யா? எனக்கு இடுப்பு போகுது!"

"அது நீங்க போன பிறவியில செஞ்சது."

முன்வினையின் முகம் சிவந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தான் பிறருக்குச் சொன்னதை முதல் தடவையாகத் தனக்கே சொல்லக் கேட்டார் அல்லவா. "என்னய்யா சொன்ன?" என்று இரண்டு கையையும் ஓங்கினார். இரண்டு கையும் என் நாற்காலியைப் பிடித்திருந்த கைகள்.

நாற்காலி முன்பக்கமாகக் கவிழ்ந்தது. வாய்மையில் என் தோள் இடித்தது, பொறுமையில் மண்டை. நாற்காலி என் மேல் புரண்டு தனியாகப் போய் ஒரு சக்கரம் கழன்று உருண்டது. பளிங்குத் தரையில் நேராகத் தலை மோதியிருக்க வேண்டியவள். அண்ணன் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து வந்து, பணிவின் மேல் நின்று என்னைத் தாங்கிப் பிடித்தான். நெஞ்சோடு அணைத்து, "ஒண்ணும் இல்ல பாப்பா, ஒண்ணும் இல்ல" என்றான்.

கூட்டம் ஒரு கணம் அமைதியாக இருந்தது. நான் விழுந்ததைப் பார்த்து என்று நினைத்தேன். இல்லை, அவன் காலைப் பார்த்து.

"படியில கால் வச்சுட்டான்!" என்று ஒரு குரல். "செருப்போட!" என்று இன்னொரு குரல்.

அன்பு என்று பட்டை குத்தியவர்கள்தான் முதலில் வந்தார்கள். முதல் தடி அண்ணன் முதுகில் விழுந்தது. அவன் என்னைத் தரையில் கிடத்தி, மேலே கவிழ்ந்து மறைத்துக்கொண்டான். அதனால் எல்லா அடியும் அவனுக்கே விழுந்தது. எத்தனை அடி என்று எண்ணவில்லை. அவன் வாயிலிருந்து ரத்தம் என் கன்னத்தில் சொட்டியது. "விடுங்கடா, அவன் என் அண்ணன்டா, பாவிகளா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு தொண்டர், "தாயே, நீங்க கவலைப்படாதீங்க, உங்களுக்காகத்தான் அடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அடித்தார். வலது தோளில் ஒரு அடி விழுந்தது. பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. அண்ணன் முனகக்கூட இல்லை, பக்கவாட்டில் சரிந்தான். அவனை இரண்டு காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைப் பக்கம் போட்டார்கள்.

இதற்குள் படிக்கட்டில் தத்துவம் முற்றியிருந்தது. முன்வினை மாயையின் கழுத்தைப் பிடித்திருந்தார். மாயை அவர் வயிற்றில் உதைத்தார். முன்வினை உருண்டு போய்ப் பணிவில் முன்பற்கள் இரண்டை விட்டுவிட்டு எழுந்தார். மாயையின் கையை யாரோ முறுக்க, "ஐயோ என் எலும்பு, என் எலும்பு!" என்று அலறினார். தனக்கு எலும்பு உண்டென்று அவர் ஒப்புக்கொண்டதை மாணவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். மூன்று பேராசிரியர்களின் மாணவர்களும் பெஞ்சுக் கால்களை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சோதனையின் மேல் ஒரு பூந்தொட்டி விழுந்தது. இந்தத் தடவை அவர் கலங்கினார். முதல்வர் மைக்கைப் பிடித்து, "அமைதி! நாம கருணையாளர்கள்!" என்று கத்தினார். அந்த மைக்கைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே ஒன்று போட்டார்கள்.

நான் தரையில் கிடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் யாருமே என்னைப் பார்க்காத முதல் சந்தர்ப்பம் அதுதான். எனக்குக் கண்ணு மண்ணு தெரியாத கோபம். அண்ணனை அடித்ததற்கு இந்தப் பட்டத்தையாவது வாங்கியே தீருவேன் என்று கையை ஊன்றி ஏற ஆரம்பித்தேன். கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன. அடக்கத்தில் ஒருவன் குப்புறக் கிடந்தான், அவன் சட்டையைப் பற்றி ஏறினேன். பொறுமையில் யாரோ என் கையை மிதித்தார்கள். அந்தக் கணுக்காலில் குத்தினேன், அவர் கீழே போனார். பாதி வழியில் சண்டை போட்ட சிலர் நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள், கண்ணீர் விட்டார்கள், பிறகு மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். போட்டோகிராபர், "மேடம், ஒரு படி எறங்கித் திரும்ப ஏறுங்க, படம் சரியா விழல" என்றார். காறித் துப்பினேன். தவழ்கிற எனக்குக் கருணை நெஞ்சுயரம். நகம் பெயர, முழங்கை தோல் உரிய, அதையும் தாண்டி மாடிக்கூடத்தில் போய் விழுந்தேன்.

தலைவர் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் முத்திரை தொங்கியது. மடியில் பட்டக் கட்டு. கீழே நடந்த சத்தத்தில் முகம் வெளுத்திருந்தது.

"வந்துட்டேங்கய்யா. கேள்வி கேளுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறி வந்தவருக்குத்தாம்மா கேள்வி. ஏறறதுன்னா படியில கால் வைக்கணும்."

"எல்லாப் படியிலயும் என் கால் பட்டுதுங்கய்யா. இழுத்துட்டுத்தானே வந்தேன்."

"பட்டது வேற, வச்சது வேற. விதி தெளிவா இருக்கு. மனசைத் தளர விடாதே, உன் முயற்சியப் பத்தி அடுத்த வருஷம் நான் மேடையில பேசறேன்." கீழே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. தலைவர் பட்டக் கட்டையும் எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்து பின்னாலிருந்த திரையை விலக்கினார். அங்கே இரும்புக் கிராதிக் கதவு போட்ட ஒரு பழைய லிஃப்ட் நின்றது. உள்ளே ஒரு மெத்தை நாற்காலிகூட இருந்தது.

நான் லிஃப்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எனக்கு மூட்டு வலிம்மா" என்றார் அவர் சாதாரணமாக. "நீயும் வா. எறங்கறதுக்கு விதி ஒண்ணும் இல்ல."

தவழ்ந்து உள்ளே போனேன். கர்ரென்று சத்தம் போட்டு லிஃப்ட் இறங்கியது. மூன்று வருடம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்ட அதே எலி.

அந்த எலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருடம் கருணைப் பாடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கதவு ஒரு நாள் திறந்திருந்தால் அண்ணன் அடி வாங்கியிருக்க மாட்டான். எட்டி அந்தக் கிராதியைப் பிடித்து இழுத்துத் திறந்தேன். லிஃப்ட் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் குலுங்கி நின்றது. எதிரே வெறும் சுவர்.

"என்ன பண்ற? மூடு! எனக்கு மூச்சு முட்டுது!"

"முத்திரைய குத்துங்கய்யா, மூடறேன்."

தலைவர் கைத்தடியை ஓங்கி என் முதுகில் அடித்தார். இரண்டாவது அடிக்கு அவர் கணுக்கால் என் வாய்க்கு நேராக வந்தது. கடித்தேன். அடி மனசிலிருந்து கடித்தேன். அவர் நாற்காலியில் விழுந்து, "ஐயோ, காப்பாத்துங்களேன், யாராவது வாங்களேன்" என்று சுவரைக் குத்தினார்.

"சுவரே மாயைங்கய்யா, நடந்து போங்க" என்றேன். "முடியலியா? அப்ப போன பிறவியில யாரையோ பூட்டி வச்சிருக்கீங்க. இல்லன்னா இது ஆண்டவன் வைக்கிற சோதனையா இருக்கும். கலங்காம உக்காந்திருங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவர் அழுதார். எண்பது வயதுக் கிழவர் அழுவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிராதியை விடவில்லை. கடைசியில் என் பட்டத்தைத் தேடி எடுத்து முத்திரை குத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது. இன்னொரு தடவை குத்தச் சொன்னேன்.

கதவு திறந்தபோது என் வகுப்பின் கடைசி மூலை எதிரே இருந்தது. என் நாற்காலி நிற்கும் இடத்தில் தரை தேய்ந்து தெரிந்தது. பக்கத்தில் சமையலறைச் சுவரோரம் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வலது கை தனியாகத் தொங்கியது, வாயில் ரத்தம் உறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "குடுத்துட்டாங்களா பாப்பா?" என்றான். நான் அப்போதுதான் அழுதேன்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டு கிடையாது, வாசலில் ஒரே ஒரு நிலைப்படிதான். தலைமை ஆசிரியை அதற்குப் பலகை போட்டு வைத்திருக்கிறார். அண்ணனின் தோள் சேரவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வலது கையால் தூக்க முடியாது. மார்க்கெட்டில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் வீட்டில் அம்மாவுக்குப் பொத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் முதல்வர் போன் செய்தார். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டிருப்பதால் குரல் நெரிந்து வந்தது. "அம்மா, இந்த வருஷக் கருத்தரங்குல 'ஊனமும் உயர்வும்'னு தலைப்பு. சிறப்புப் பேச்சு நீதான். மாடிக்கூடத்துல."

"லிஃப்ட்டுல வரலாமா சார்?"

"எந்த லிஃப்ட்டு?" என்றார் அவர். பிறகு உற்சாகமாக, "அதெல்லாம் கவலைப்படாதே. உன் அண்ணன் இருக்காரே, அவரே உன்னைத் தூக்கிட்டு வரட்டும். படியில கால் வைக்க அவருக்கு இந்த வருஷம் விசேஷ அனுமதி வாங்கியிருக்கேன்" என்றார்.

போனை அண்ணனிடம் நீட்டினேன். அவன் இடது கையால் வாங்கி, அவர் சொன்னதை மறுபடியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு ஆரம்பித்தான். மூட்டை தூக்குகிற இடத்தில் லாரிக்காரர்களிடம் என்னென்ன பேசுவார்களோ, அத்தனையும் வந்தது. அம்மா காஜாவைப் போட்டுவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுமே என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லுடா" என்றாள்.